பருத்தித்துறையும் மருத்துவபீடத்தின் வாயிலும்

ஈழத்தின் வடமுனையில் அமைந்த பருத்தித்துறை, கடலாலும் கல்வியாலும் வெளியுலகை எட்டிய ஊராகும். மீன்பிடியும் பாய்க்கப்பல் வணிகமும் கரையோர மக்களுக்கு வாழ்வளித்தன. உள்நிலத்தில் துண்டு துண்டாகப் பிரிந்த தோட்டக் காணிகளும் பனந்தோப்புகளுமே குடும்பச் சொத்தாயின. ஆறு பாயாத இந்நிலத்தில் கிணற்று நீரை இறைத்துப் பயிரிட்ட குடும்பங்கள், காணி தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுச் சிறுத்துச் செல்வதைக் கண்டன. ஆங்கிலேயர் ஆட்சி அரசாங்க உத்தியோகம் என்னும் புதிய விளைநிலத்தைக் காட்டியபோது அவை அதனை நோக்கித் திரும்பியது வியப்பன்று. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழி இம்மனநிலையைச் சுருங்கச் சொல்லும்.

உத்தியோகங்களுள் வைத்தியத் தொழில் உச்சியில் வைத்து எண்ணப்பட்டது. வருவாய், மதிப்பு, பிறருக்கு உதவும் வாய்ப்பு ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. ஆயினும் அத்தொழிலுக்குத் தன்னை ஆயத்தப்படுத்தும் மாணவன் செல்லவேண்டிய வழி எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. வாயிலின் இடம் மாறியது. அதன் மொழி மாறியது. நுழைவோரை அளக்கும் கோலும் மாறியது. அம்மாற்றங்களைப் பருத்தித்துறையில் நின்று நோக்குவதும், அவற்றினூடே கேட்கப்படாது போன ஒரு வினாவை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானிப்பாய் காட்டிய வழி

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவக் கல்வியின் வரலாறு சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசனறி வைத்தியரோடு தொடங்குகின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், அடுத்த ஆண்டில் மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். பின்னர் மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு 1873இல் நாடு திரும்பும் வரை அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் முற்பட்ட முயற்சி இது என்பது மனங்கொள்ளத் தக்கது.

கிறீனின் முதல் மாணவர்கள் ஆங்கிலத்திற் கற்றனர். ஆனால் 1860களில் அவர் பயிற்றுமொழியைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கெனத் தாமும் தம் மாணவரும் சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ முதலிய நூல்கள் இவ்வாறு எழுந்தவையே. கலைச்சொல்லாக்க வரலாற்றில் இம்முயற்சிக்குரிய இடம் பலராலும் விதந்து பேசப்பட்டுள்ளது. எனினும் மொழிப்பற்று மட்டுமே அம்மாற்றத்தின் காரணமன்று. ஆங்கிலத்திற் பயின்ற வைத்தியன் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டு அகன்றான். தமிழிற் பயின்றவனோ தன் கிராமத்திலேயே தங்கி மக்களுக்கு வைத்தியஞ் செய்வான் என்று கிறீன் எதிர்பார்த்தார். பயிற்சி பெற்றவனை ஊரிலே நிறுத்துவது எவ்வாறு என்னும் கேள்வி, ஆகவே, யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்வியின் தொடக்க காலத்திலேயே எழுந்துவிட்டது. அதற்கு அவர் கண்ட விடை மொழியாக இருந்தது.

கொழும்புக்கு மாறிய வாயில்

1870இல் கொழும்பு மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. அது பத்தாண்டுகளில் இலங்கை மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கிறீன் நாடு திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி தளர்ந்து மறைந்தது. ஆங்கிலமே மருத்துவத்தின் ஒரே வாயிலாயிற்று. பருத்தித்துறை மாணவனுக்கு ஆயத்தம் என்பது இப்போது இரண்டு படிகளாயிற்று. முதற்படி ஆங்கிலக் கல்வி. இரண்டாம் படி கொழும்பில் தங்கிப் பயிலும் வசதி.

முதற்படிக்கு வேண்டிய பாடசாலை ஊரிலேயே இருந்தது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் 1838இல் நிறுவிய பாடசாலையே 1916இல் ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதனைச் சூழவுள்ள வடமராட்சிப் பகுதியில் உடுப்பிட்டி அமெரிக்க மிசன் கல்லூரி, கரவெட்டி விக்னேஸ்வராக் கல்லூரி, வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரி முதலியனவும் காலப்போக்கில் வளர்ந்தன. மிசனறிமாரின் போட்டியும் அதற்கு எதிராக எழுந்த சைவ மறுமலர்ச்சியும் சேர்ந்து, ஒரு சிறு நிலப்பரப்பில் இத்துணைப் பாடசாலைகள் நெருங்கியமையக் காரணமாயின. இலங்கையின் பிற மாகாணங்களிற் பல இத்தகைய வாய்ப்பைப் பெறவில்லை என்பதைப் பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்காக இங்கேயே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் படியே பல குடும்பங்களைத் தடுத்தது. கொழும்பில் பல ஆண்டுகள் தங்கிப் படிக்கும் செலவைத் தோட்டக் காணியொன்றின் வருவாய் தாங்காது. காணி ஈடு வைக்கப்பட்டது. சகோதரியின் சீதனக் காணியும் சில வேளை அதற்குத் துணையாயிற்று. மணமகன் வைத்தியனாயின் சீதனம் பெருகுவது இக்கணக்கின் மறுபக்கமாகும். ஆகவே மருத்துவக் கல்வி தனியொருவனின் திறமைக்குரிய பரிசாக மட்டும் இருக்கவில்லை; ஒரு குடும்பம் முழுவதும் முதலிட்டுப் பயனை எதிர்பார்த்த முயற்சியாக அது விளங்கியது.

ஆய்வுகூடம் தந்த ஏற்றம்

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாயிற்று. மருத்துவம் பயிலச் சென்றவர் பௌதிகவியல், இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய அடிப்படை விஞ்ஞானங்களை முதலிற் கற்று, அதன் பின்னரே உடற்கூற்றியலுக்குச் சென்றனர். காலப்போக்கில் அவ்வடிப்படைக் கல்வி பாடசாலைகளின் உயர்வகுப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவில் மாணவர் முதற்பட்டம் ஒன்றைப் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பர். அங்கே பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுகள் செய்யும் பணியை இலங்கையில் பாடசாலையின் இரண்டு ஆண்டுகள் செய்யவேண்டியதாயிற்று. எனவே, பாடசாலையில் நல்ல ஆய்வுகூடமும் ஆற்றல்மிகு விஞ்ஞான ஆசிரியரும் உண்டா இல்லையா என்பதே மாணவனின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது.

இங்குதான் பருத்தித்துறை முன்னணிக்கு வந்தது. சி. பி. தாமோதரம், அவருக்குப்பின் 1943 முதல் 1967 வரை அதிபராயிருந்த கே. பூரணம்பிள்ளை ஆகியோரின் காலத்தில் ஹாட்லிக் கல்லூரி கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பெருஞ்சிறப்புற்றது. கணிதப் பேராசிரியர் கி. ஜெ. எலியேசர், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பொறியியற் பேராசிரியர் அ. துரைராசா முதலியோர் அக்கல்லூரியின் மாணவரே. தீவின் ஒரு மூலையிலிருந்த பாடசாலை கொழும்பின் பெரும் பாடசாலைகளோடு போட்டியிட்டு மருத்துவபீடத்திற்கும் பொறியியற்பீடத்திற்கும் ஆண்டுதோறும் மாணவரை அனுப்பியது. 1945இல் வந்த இலவசக் கல்வித் திட்டமும், 1962இல் பேராதனையில் தொடங்கிய இரண்டாவது மருத்துவபீடமும் இவ்வாயிலை மேலும் அகலத் திறந்தன.

ஆயினும் அந்த ஏற்றம் வடமராட்சியார் அனைவருக்கும் ஒருங்கே கிட்டவில்லை. சாதி ஒடுக்குமுறையால் நல்ல பாடசாலைகளின் வாயிலையே அணுகமுடியாத மக்களும் அதே மண்ணில் வாழ்ந்தனர். அவர்களது பிள்ளைகளுக்கெனச் சூரன் முதலிய பெரியோரின் முயற்சியால் எழுந்த தேவரையாளிப் பாடசாலை இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கின்றது. மருத்துவபீடத்தின் வாயில் திறந்திருந்தது என்று கூறுமுன், பாடசாலையின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்றும் கேட்டல் வேண்டும்.

அளவுகோல் மாறிய காலம்

சுதேச மொழிகள் பயிற்றுமொழியானமை தரப்படுத்தலுக்கு முன்னோடியாயிற்று. ஆங்கிலத்தில் அனைவரும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதிய காலத்தில் ஒருவரது புள்ளியை மற்றொருவரது புள்ளியோடு நேரே ஒப்பிட முடிந்தது. விஞ்ஞான மாணவரும் சிங்களத்திலும் தமிழிலும் விடையெழுதத் தொடங்கிய 1970ஆம் ஆண்டளவில், தமிழ்ப் பரீட்சகர் தம் மாணவருக்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்னும் குற்றச்சாட்டுக் கிளம்பியது. அது விசாரிக்கப்பட்டது, நிரூபிக்கப்படவில்லை. எனினும் அரசாங்கம் அனுமதி முறையை மாற்றியது.

தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கும் மொத்தம் 400 புள்ளிகள். மருத்துவபீடம் புகுவதற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டும் என 1971ஆம் ஆண்டு அனுமதியில் வரையறுக்கப்பட்டது. இவ்விரு எண்களுக்குமிடையே உள்ள 21 புள்ளிகள் ஒரு தலைமுறையின் அரசியலைத் திசைதிருப்பின எனலாம். 230 புள்ளி பெற்ற மாணவன் தான் எழுதிய மொழியைப் பொறுத்தே வைத்தியனாவான் அல்லது ஆகான் என்னும் நிலை தோன்றியது. அதன்பின் ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் பொது அளவுக்கு மாற்றும் ‘தரப்படுத்தல்’ வந்தது. 1974இல் அதனோடு மாவட்ட ஒதுக்கீடும் இணைக்கப்பட்டது.

மாவட்ட ஒதுக்கீடு மக்கட்டொகையை அடிப்படையாகக் கொண்டது. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் மக்கட்டொகை ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம். அப்போது கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 7 இலட்சம். அஃதாவது நூறு இடங்களில் யாழ்ப்பாணத்துக்கு உரியவை ஐந்தோ ஆறோ மட்டுமே. பருத்தித்துறை மாணவன் அதுகாறும் தீவு முழுவதிலுமுள்ள மாணவரோடு போட்டியிட்டான். இனி அவன் தன் அயற் பாடசாலை மாணவரோடு, அந்த ஐந்தாறு இடங்களுக்காகப் போட்டியிட வேண்டியவனானான். மருத்துவபீடங்களிலும் பொறியியற்பீடங்களிலும் தமிழ் மாணவரின் பங்கு சில ஆண்டுகளில் வெகுவாக வீழ்ந்தது. 1970இல் தோன்றிய தமிழ் மாணவர் பேரவை இம்மனக்கொதிப்பின் வெளிப்பாடேயாகும். பின்னாளில் ஆயுதப் போராட்டமாக வடிவெடுத்த இளைஞர் எழுச்சியை ஆராய்வோர் தரப்படுத்தலை அதன் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகக் கொள்வர்.

ஒதுக்கீட்டின் இருமுகம்

தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பொதுவாக ஒரே அநீதியாக எண்ணப்படுவதுண்டு. வரலாற்று மாணவர் இவற்றை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வகுத்தமை, மாணவன் எந்த இனத்தைச் சார்ந்தவன் என்பதை மறைமுகமாகக் கேட்டது. அதனை நியாயப்படுத்தல் அரிது. 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டதும் அதனாலேயே. மாவட்ட ஒதுக்கீடு கேட்ட கேள்வி வேறு: மாணவன் எத்தகைய பாடசாலையில் ஆயத்தமானான் என்பதே அது.

மன்னாரிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் விஞ்ஞான ஆய்வுகூடமே காணாத பாடசாலைகள் பல. அங்கே பயின்ற தமிழ் மாணவனும் ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற தமிழ் மாணவனும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கியவரல்லர். மருத்துவபீடத்தின் வாயிலை வன்னி மாணவருக்குத் திறந்துவிட்டதில் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான தனி ஒதுக்கீட்டுக்கும் பங்குண்டு. அதே விதி பருத்தித்துறையில் 1974இல் திறமை மிக்க மாணவரை வெளியே நிறுத்தியது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. தமிழ்நாட்டிலும் இதே வழக்குத் தொடர்கின்றது. தேசிய நுழைவுத் தேர்வு வந்தபின், அரசுப் பள்ளி மாணவர் மருத்துவ இடங்களை இழப்பதைக் கண்ட அம்மாநிலம் 2020இல் அவர்களுக்கென 7.5 வீத உள்ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. தேர்வு ஒன்றாயினும் ஆயத்தம் ஒன்றல்ல என்பதே அச்சட்டத்தின் அடிப்படை.

மாவட்ட ஒதுக்கீட்டின் பெருங்குறை அது பாடசாலைகளைச் சீர்செய்யாமல் புள்ளிகளைச் சீர்செய்ய முற்பட்டமையே. பின்தங்கிய மாவட்டங்களில் ஆய்வுகூடங்களும் ஆசிரியர்களும் பெருகும்வரை நிற்கவேண்டிய தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாயிற்று. அண்மைக்கால நடைமுறையின்படி மருத்துவம் உட்பட்ட பல துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றது. 2000ஆம் ஆண்டு முதல் தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என ஒன்றாயின. நான்கு பாடங்கள் மூன்றாயின. அதற்கடுத்து ‘இசட்’ புள்ளி முறை வந்தது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்துப் பெறும் எண் அது. புள்ளிகளை மாற்றி அளத்தல் என்னும் அடிப்படை இதிலும் உண்டு. ஆயின் இது மொழிகளை வேறு பிரிப்பதில்லை.

ரியூட்டரியும் குப்பி விளக்கும்

இடங்கள் சுருங்கியபோது ஆயத்தம் கடுமையாயிற்று. ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் வாழ்வு மாறும் நிலையில், பாடசாலைக் கற்பித்தல் மட்டும் போதாதெனப் பெற்றோர் எண்ணினர். யாழ்ப்பாண நகரிலும் நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் ரியூட்டரிகள் பெருகின. ஓலைக் கொட்டிலின் கீழ் நெருங்கியிருந்து குறிப்பெடுத்தல், கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாலையில் சைக்கிளில் ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுதல் என்பன உயர்தர மாணவரின் அன்றாடமாயின. முதன்முறை தவறினால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பரீட்சைக்குத் தோற்றுவது வழக்கமாயிற்று. மருத்துவம் கிட்டாதவருக்குப் பேராதனையின் பல்மருத்துவமும் மிருகவைத்தியமும், விவசாய விஞ்ஞானமும், பின்னர் யாழ்ப்பாணத்தின் சித்த மருத்துவமும் அடுத்தடுத்த தெரிவுகளாயின. அவையும் தம்மளவில் சிறந்த தொழில்களே. எனினும் ஊரார் அவற்றை ‘கிடைத்தது’ என்று பேசினரேயன்றி ‘பெற்றது’ என்று பேசவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளை ஒரே வாயிலின் முன் கழித்து வெறுங்கையோடு திரும்பிய பெருந்தொகையினரைப் பற்றி எந்தப் பாடசாலை மலரும் பட்டியல் வெளியிட்டதில்லை.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கப்பட்டது. கிறீன் சென்று நூறாண்டுகளுக்குப்பின் வாயில் மீண்டும் குடாநாட்டுக்குள் வந்தது. ஆனால் அமைதி நீடிக்கவில்லை. 1984 செப்ரெம்பரில் ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் ஆய்வுகூடமும் எரிக்கப்பட்டன. எத்தனையோ மருத்துவரும் பொறியியலாளரும் முதன்முதலாகச் சோதனைக் குழாயைக் கையிலெடுத்த இடம் சாம்பலாயிற்று. 1987இல் வடமராட்சி இராணுவ நடவடிக்கையும், 1990 யூனில் மீண்டும் மூண்ட யுத்தமும் தொடர்ந்தன. மின்சாரம் அற்றுப்போனது; மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. குப்பி விளக்கிலும், ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயூற்றித் திரியிட்ட விளக்கிலும் மாணவர் படித்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது வடமராட்சிப் பாடசாலைகள் அகதி முகாம்களாயின. இவற்றினூடேயும் பரீட்சை எழுதப்பட்டது. மருத்துவபீடத்திற்கு மாணவர் தெரிவாகினர். மனவுறுதிக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கேட்கப்படாத வினா

இம்மனவுறுதியின் பயன் யாருக்குச் சென்றது என்பதே எஞ்சியுள்ள வினா. பருத்தித்துறையின் ஆதார வைத்தியசாலை மந்திகையில் அமைந்துள்ளது. யுத்த ஆண்டுகளில் அங்கே காயப்பட்டோருக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களுள் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் அமைப்பின் வெளிநாட்டு வைத்தியர்கள் குறிப்பிடத்தக்கவர். தலைமுறை தலைமுறையாக மருத்துவபீடங்களுக்கு மாணவரை அனுப்பிய ஊரின் வைத்தியசாலை, நெருக்கடி நேர்ந்தபோது ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை நம்பியிருக்க நேர்ந்தது. அவ்வூரில் ஆயத்தமாகியவருட் பலர் அப்போது இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பணியாற்றினர். அவர்களைக் குறைகூறுதல் எளிது; நியாயமன்று. இனக்கலவரமும் யுத்தமும் பலரைத் துரத்தின. அத்துடன், ஊரைவிட்டுச் செல்வதற்குரிய வழியாகவே கல்வியை அவர்களுக்குக் காட்டியது அவ்வூரேயாகும். காணியை ஈடுவைத்த குடும்பம் எதிர்பார்த்த பயனும் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பணமாகவே இருந்தது. அச்சூழலிலும் ஊரிலேயே தங்கி, மருந்தும் மின்சாரமுமின்றிப் பணிபுரிந்த வைத்தியரும் தாதியரும் உளர். அவர்களது எண்ணிக்கை சிறிதாயினும் வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் பெரிது.

தொகுத்து நோக்கின், ஒன்றேமுக்கால் நூற்றாண்டாக மருத்துவக் கல்வி பற்றி எழுந்த வாதங்கள் பெரும்பாலும் வாயிலைப் பற்றியனவாகவே இருந்துள்ளன. எந்த மொழியில் நுழைவது, எத்தனை புள்ளியோடு நுழைவது, எந்த மாவட்டத்திலிருந்து நுழைவது என்பனவே கேட்கப்பட்டன. அவை நியாயமான கேள்விகளே. அவற்றுள் ஒன்றுக்குத் தரப்பட்ட தவறான விடை ஒரு நாட்டையே எரியவைத்தது. ஆனால் நுழைந்தவர் படித்து முடித்து எங்கே செல்வர் என்று மானிப்பாயில் அந்த அமெரிக்க வைத்தியர் எழுப்பிய கேள்வி பின்னர் எவராலும் அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. மொழியால் அதற்கு விடைகாண அவர் முயன்றார், அவ்விடை நிலைக்கவில்லை. கேள்வியோ இன்னும் நிலைத்துள்ளது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் இலங்கையின் எல்லா இனங்களையும் சேர்ந்த வைத்தியர்கள் பெருந்தொகையாக வெளியேறினர். வடமராட்சி நெடுங்காலமாக அறிந்திருந்த நோய் அப்போது நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவருக்கு எவ்வாறு அதிக புள்ளி பெறுவது என்று கற்பிக்க ஆயிரம் பேர் உளர். எந்த வைத்தியசாலையில், எந்த மக்களிடையே அக்கல்வி பயன்படப்போகின்றது என்று அவர்களைச் சிந்திக்கவைப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. அவர்கள் ஊரிலே தங்குவதற்கேற்ற வைத்தியசாலையையும் வாழ்க்கை வசதியையும் அமைத்துக்கொடுப்பது அரசினதும் சமூகத்தினதும் கடமையாகும். அதனைச் செய்யாது வெட்டுப்புள்ளியை மட்டும் கூட்டியும் குறைத்தும் கொண்டிருப்பின், வாயில் எத்துணை நீதியாகத் திறக்கப்பட்டாலும் மந்திகையின் நோயாளர் காத்திருக்கவே நேரும்.